டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு சிபாப்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தூக்கத்தில் தொண்டை அடைக்காமல், மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவிதான் சிபாப். அதை வாங்கும்போது எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தால், குழந்தை அதோடு தூங்குவதும் பிடுங்கி எறிவதும் மாஸ்க்கைப் பொறுத்தது என்று புரியும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது. வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாது, தசைகளும் தளர்வு. அதனால் தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. டான்சில், அடினாய்டு எடுத்த பிறகும் பலருக்கு அடைப்பு மிச்சமிருப்பதால் மறுபடி ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்யும் பரிசோதனை) பார்த்தே ஆக வேண்டும். குறட்டை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்தபடி கால்மேல் கவிழ்ந்து தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்வது, தலை நனைய வியர்ப்பது எல்லாமே அறிகுறிதான். அறிகுறி இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள் பரிசோதிக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டல். ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மூச்சு எத்தனை தடவை நிற்கிறது அல்லது குறைகிறது என்ற சராசரி எண்ணிக்கை) 4 என்றிருந்தால் பெரியவர்களுக்கு அது இயல்பு. குழந்தைக்கு 1ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 10 என்றால் தீவிரம்.

மாஸ்க்குக்கு வருவோம். மூக்குத் தண்டு தட்டையாக இருப்பதால் காற்று மேல்பக்கம் கசிந்து கண்ணில் அடிக்கும். காலையில் கண் சிவந்து நீர் வடிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உடனே வாரை இறுக்குவார்கள். கசிவு கூடும், மூக்குமேல் புண்ணும் வரும். குழந்தையைப் படுக்கவைத்து, காற்று ஓடும்போதே மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து மெல்ல விடுங்கள். குஷன் உப்பித் தானாகப் படியும். வாருக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். எழுந்து அரை மணி நேரமாகியும் மாஸ்க் அழுந்திய தடம் மறையவில்லையா, அளவோ வடிவமோ சரியில்லை. முடிந்தால் வெவ்வேறு வடிவத்தில் இரண்டு மாஸ்க் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வளரும் முக எலும்பில் ஒரே இடம் நாள்தோறும் அழுந்தக் கூடாது. வாயையும் மூடும் மாஸ்க்கை, தானே கழற்றத் தெரியாத குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் போடவே வேண்டாம். வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பழக்குவதைப் பகலில் தொடங்குங்கள். முதலில் வெறும் மாஸ்க், பிறகு டியூபோடு, பிறகு டாக்டர் சொன்ன குறைந்த அழுத்தத்தில் காற்று, அதன்பின் படுத்தபடி. ஒரு படி பழகினால்தான் அடுத்தது. வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். அழும்போது வலுக்கட்டாயமாக மாட்டினால் அடுத்த நாள் மாஸ்க்கைப் பார்த்தாலே ஓடும்.

காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மிச்சத்தைத் தினமும் கொட்டிவிடுங்கள். ஏசி அறையில் டியூபுக்குள் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும். சூட்டைச் சற்றுக் குறைத்து, டியூபைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹீட்டரை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் வாங்குவதற்கு முன் கையேட்டில் எடை வரம்பைப் பாருங்கள். பல மாடல்கள் 30 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. அது காட்டும் ஏ.எச்.ஐ. கணக்கும் பெரியவர்களின் மூச்சை வைத்துப் போட்டது. சிறு குழந்தைக்கு அந்த எண்ணை நம்பி அழுத்தத்தை மாற்றாதீர்கள். கசிவு அளவையும் பயன்படுத்திய மணிநேரத்தையும் மட்டும் குறித்துவைத்து, ஸ்லீப் டாக்டரிடம் காட்டுங்கள்.