கதர்ச் சேலையும் கடைச் சுவரில் இல்லாத பெண்களும்

சென்ற புரட்டாசியில், காந்தி ஜெயந்தித் தள்ளுபடியின்போது, திருப்பூரிலுள்ள ஒரு கதர்க் கடையில் 1,890 ரூபாய் கொடுத்து வாங்கிய பருத்திச் சேலையை ஆறு மாதம் உடுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

துணியைப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. கைந்நூல் என்பதால் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுகிறது. பங்குனி வெயிலில் அது உடலோடு ஒட்டாமல் காற்றை விடுவதை உடுத்தியவர்களே அறிவார்கள். முதல் இரண்டு துவைப்பில் அரக்குக் கரை சிறிது சாயம் விட்டது, நீளமும் நான்கு விரற்கடை சுருங்கியது. கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசி, கஞ்சி போட்டு நிழலில் உலர்த்தினால் மடிப்பு நன்றாக நிற்கிறது.

என் மனக்குறை கடையைப் பற்றியது. சுவரில் காந்தியின் படமும், 1932 ஜனவரியில் இதே ஊரில் தடியடிபட்டு உயிர்நீத்த குமரனின் படமும் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதாம். ஆனால் இந்த வட்டாரத்தில் போராட்டத்தில் இறங்கிய பெண்களிலும், கதரை இங்குள்ள துணியாக்கிய பெண்களிலும் ஒருவர் படம்கூட அங்கே இல்லை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் ஈ.வெ.ரா. கைதானபோது, அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி, தடையுத்தரவை மீறி மறியலைத் தொடர்ந்தார்கள். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாகப் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதே பேச்சாகிவிடும் காலத்தில் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றவர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. நாகம்மையார் 1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்திலும் கலந்துகொண்டார். திருப்பூரிலேயே, சட்டமறுப்புக் காலத்தில் சிறை சென்ற பத்மாவதி ஆஷர் இருந்தார்.

பெயர் பதிவாகாதவர்கள் இவர்களைவிடப் பலர். 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபின், மழை பொய்த்த அந்தப் பக்கத்து ஊர்களில், ராட்டையில் நூற்ற நூல் கற்றைகளான சிட்டங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே. அந்நியத் துணியைப் புறக்கணியுங்கள் என்று மேடையில் பேசுவதற்கு, மாற்றாக உடுத்த ஒரு துணி வேண்டுமல்லவா? அந்தத் துணிக்கு நூல் இவர்கள் கையிலிருந்து வந்தது.

ஆகவே, என் சேலைக்கு நூல் எங்கே நூற்கப்பட்டது என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். அவர் மரியாதையாக, “தெரியலைங்க அக்கா, சரக்கு மொத்தமாத்தான் வருதுங்க” என்றார். ரசீதிலும் விலைச்சீட்டிலும் ஊர்ப் பெயர் இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிர்வாகம். மற்றபடி, பத்துச் சேலைகளை விரித்துக் காட்டியும் முகம் சுளிக்காத பணிவு, சரியான கணக்கு, கூட்டமான நாளிலும் உட்கார இடம் என எல்லாம் நிறைவாகவே இருந்தன.

துணிக்கு ஐந்துக்கு நான்கரை, கடைக்கு மூன்று. விலைச்சீட்டில் நூற்ற ஊரின் பெயரை அச்சிடக் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வரும் புரட்டாசியில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க அதே கடைக்குத்தான் போகப்போகிறேன்.