ஒழுங்கு இறந்தகால வினைகளுக்கான ஓர் உச்சரிப்புப் பயிற்சிச் செயலி: ஒரு மதிப்புரை

ஆங்கில ஒழுங்கு வினைகளின் இறந்தகாலத்தை இலக்கணமாகக் கற்பதற்கு ஒரு வகுப்பே போதும். வினைச்சொல்லின் இறுதியில் ஈ, டீ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துவிட்டால் எழுத்தளவில் வேலை முடிந்துவிடுகிறது. செய்தவர் ஒருவரா பலரா, தன்மையா படர்க்கையா என்பதைப் பொறுத்து அது மாறுவதும் இல்லை. சிக்கல் வாயைத் திறக்கும்போதுதான் தொடங்குகிறது. அந்த இரண்டு எழுத்துகளும் மூன்று வேறு விதங்களில் ஒலிக்கின்றன என்பது நெடுங்காலம் ஆங்கிலம் படித்தவர்களிலேயே பலருக்குச் சொல்லித் தரப்பட்டதில்லை. இந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ் விளக்கங்களோடு அமைக்கப்பட்டிருக்கும் ஒரு கைப்பேசிச் செயலியை, பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் இருப்பதால், தொடக்கம் முதல் இறுதிவரை பயன்படுத்திப் பார்த்தேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் வேறு செயலிகளும் பயிற்சி ஏடுகளும் புழக்கத்தில் இருப்பதால், கீழே சொல்லும் நிறைகுறைகளைக் கொண்டு வாசகர் தம் கையில் இருப்பதையே எடைபோட்டுக்கொள்ளலாம்.

செயலியின் முதல் பாடம்தான் அதன் மிகச் சிறந்த பாடம். அதில் திரையில் ஒரு சொல்கூட எழுதிக் காட்டப்படுவதில்லை. ஒரு குரல் வினைச்சொல்லைச் சொல்கிறது. அதன் கடைசி ஒலியை மட்டும் தனியே ஒலித்துப் பார்க்கும்படியும், அப்போது தொண்டையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று கவனிக்கும்படியும் பயிற்சி கேட்டுக்கொள்கிறது. ‘வாஷ்’, ‘லாஃப்’ போன்ற வினைகளில் கடைசி ஒலி வெறும் காற்றாக வெளிவருகிறது, தொண்டை அதிர்வதில்லை. ஆகவே விகுதியும் அதிர்வில்லாத ஒலியாகவே அமைகிறது. ‘கால்’, ‘லவ்’, ‘ப்ளே’ போன்றவற்றில் குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வு விகுதியிலும் தொடர்கிறது. ‘வான்ட்’, ‘நீட்’ என்பவற்றைப் போல, விகுதிக்கு உரிய அதே இரண்டு ஒலிகளில் ஒன்று வினையின் இறுதியிலேயே இருந்துவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றை ஒட்டிச் சொல்ல இயலாது என்பதால், நடுவில் ‘இ’ போன்ற ஒரு குற்றுயிர் நுழைந்து புதிய அசை பிறக்கிறது. விதி இவ்வளவுதான். அதை மனப்பாடப் பட்டியலாகத் தராமல், கற்பவரின் தொண்டையிலிருந்தே எடுத்துக் காட்டியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய பாடம், முடிவில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டும்போது தான் கட்டியதைத் தானே கலைத்துவிடுகிறது. அதிர்வில்லாத ஒலிக்கும் அதிர்வுள்ள ஒலிக்கும் நம் எழுத்தில் ‘ட்’ ஒன்றுதான் இருக்கிறது. ‘பட்டு’ என்று சொல்லும்போது வருவது அதிர்வில்லாதது, ‘நண்டு’ என்று சொல்லும்போது வருவது அதிர்வுள்ளது என்று இரண்டு தமிழ்ச் சொற்களைக் காட்டியிருந்தாலே எவருக்கும் புரிந்திருக்கும். ஆங்கில ஒலிகளுக்கு நாக்கு பல்லின் ஈறுக்குச் சற்று மேலே படுகிறது, தமிழில் அதைவிடப் பின்னே வளைகிறது என்ற ஒரு வரியையும் அதனுடன் சேர்த்திருக்கலாம். செயலியோ ‘வாஷ்ட்’ என்பதையும் ‘கால்ட்’ என்பதையும் ஒரே எழுத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறது. நல்லவேளையாக, அமைப்புகள் பகுதியில் தமிழ் எழுத்துத் துணையை நிறுத்திவைக்க முடிகிறது. முதல் நாளிலேயே அதை நிறுத்திவிடும்படி என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துக்கூட்டு எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் பகுதி நிறைவாக இருக்கிறது. ‘லாஃப்’ என்ற வினை எழுத்தில் ஜீ, எச் என்று முடிந்தாலும் காதில் ‘ஃப்’ என்றே முடிகிறது. ‘ஃபிக்ஸ்’ என்பதன் இறுதி எழுத்தான எக்ஸ் இரண்டு ஒலிகளைச் சுமந்து ‘ஸ்’ என்று முடிகிறது. ‘டான்ஸ்’, ‘ஹோப்’ ஆகியவற்றின் கடைசியில் நிற்கும் ஈ வாயே திறப்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் அதிர்வில்லாத விகுதியே வருகிறது. இதனை ஒட்டி அமைந்த ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. இறந்தகால வினை ஒன்றும் அதனோடு தொடர்பில்லாத பெயர்ச்சொல் ஒன்றும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு கேட்கிறதா என்று செயலி வினவுகிறது. ‘மிஸ்’ என்பதன் இறந்தகாலமும் மூடுபனியைக் குறிக்கும் சொல்லும், ‘கெஸ்’ என்பதன் இறந்தகாலமும் விருந்தினரைக் குறிக்கும் சொல்லும், ‘பேக்’ என்பதன் இறந்தகாலமும் உடன்படிக்கையைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒன்றே. ‘மிஸ்ஸட்’, ‘பேக்கட்’ என்று இரண்டு அசையாகச் சொல்லிப் பழகியவர்கள் இந்தப் பயிற்சிக்குப் பின் அவ்வாறு சொல்லத் தாமாகவே தயங்குவதைக் கண்டிருக்கிறேன். எந்த விளக்கமும் செய்யாததை இந்த இணைகள் செய்துவிடுகின்றன.

அடுத்து வரும் வகைப்படுத்தும் பயிற்சியை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ஏறக்குறைய எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் அதே மூன்று பெட்டிகள்தான்: திரையில் எழுதப்பட்ட சொல்லை விரலால் இழுத்து உரிய பெட்டியில் போட வேண்டும். கற்பவர் சொல்லைப் பார்க்கிறார், கடைசி எழுத்தைக் கொண்டு ஊகிக்கிறார், பெட்டியில் போடுகிறார். வாய் ஒருமுறையும் அசைவதில்லை. முழு மதிப்பெண் பெற்ற கையோடு ‘ஸ்டாப்பட்’ என்று பேசிச் செல்பவர்கள் உண்டு. மேலும், எடுத்துக்கொள்ளப்பட்ட வினைகள் எல்லாமே மிகவும் பழகியவை என்பதால், கற்பவர் விதியைப் பயன்படுத்தினாரா அல்லது அந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. இவ்விரண்டும் வேறுபடும் என்பதை 1958இல் மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ குழந்தைகளிடம் நடத்திய ஆய்வே காட்டியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறு குழந்தைகளிடம் இல்லாத வினைகளைப் புனைந்து கொடுத்து அவற்றின் இறந்தகாலத்தை அவர் கேட்டார். ‘ரிக்’ என்ற புனைவுச் சொல்லைப் பெரும்பாலோர் சரியாக ‘ரிக்ட்’ என்றார்கள். ஆனால் ‘மெல்ட்’ என்ற தெரிந்த சொல்லுக்குப் புதிய அசையைச் சேர்த்துச் சொன்னவர்களிலும் பலர் ‘மாட்’ என்ற புனைவுச் சொல்லுக்கு அதைச் சேர்க்கவில்லை. தெரிந்த சொல்லைத் திருப்பிச் சொல்வதும் விதியை அறிவதும் வெவ்வேறு என்றால், பயிற்சியிலும் புனைவு வினைகள் இருக்க வேண்டும். செயலியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

தமிழ் பேசுகிறவர்களின் முதன்மையான இடர்ப்பாடு இந்த மூன்று பெட்டிகளுக்கும் வெளியே இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. எனவே ‘வாக்ட்’ என்று நிறுத்த வேண்டிய இடத்தில் நம் வாய் இயல்பாக ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்து ‘வாக்டு’ என்கிறது. ஓரசைச் சொல் ஈரசையாகிவிடுகிறது. சிலர் இதற்கு அஞ்சி விகுதியையே விழுங்கிவிட, கேட்பவருக்கு நேற்று நடந்தது இன்று நடப்பதாகப் படுகிறது. கற்பவரின் குரலைப் பதிவுசெய்து மதிப்பிடும் வசதி இருந்தும், செயலி ‘வாக்டு’ என்பதைத் தயக்கமின்றிச் சரி என்று ஏற்றுக்கொள்கிறது. தமிழ் விளக்கங்களோடு தமிழருக்கென்று ஆக்கப்பட்ட ஒன்றில் இந்தக் குறையை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இதற்கான மருந்து அதே செயலியின் தொடர்ப்பேச்சுப் பாடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘லுக்ட் அட்’, ‘வொர்க்ட் அவுட்’, ‘ஹெல்ப்ட் அஸ்’ என்று, விகுதியை அடுத்து உயிரொலியில் தொடங்கும் சொல் வரும் தொடர்களை அந்தப் பாடம் நிதானமாகவும் பிறகு இயல்பான வேகத்திலும் ஒலிக்கிறது. விகுதியின் மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்து ‘லுக்-டட்’, ‘வொர்க்-டவுட்’ என்று நகர்ந்துவிடுவதால், உகரத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. உயிர் வரும்போது குற்றியலுகரம் நீங்கி மெய்யோடு உயிர் சேர்வது நாம் அன்றாடம் செய்யும் புணர்ச்சிதானே. ‘வீடு’, ‘இல்லை’ என்பவற்றை ‘வீடில்லை’ என்று சொல்லும் வாய்க்கு இது புதிய உழைப்பு அன்று. ஆகவே தனிச்சொல்லாகச் சொல்லிப் பழகுவதற்கு முன்பே இத்தகைய தொடர்களைச் சொல்லிப் பழகுவது தமிழருக்குப் பொருத்தமான வரிசை என்று கருதுகிறேன். செயலி இந்தப் பாடத்தை இறுதிக்கு அருகில் வைத்திருந்தாலும், பூட்டி வைக்கவில்லை. முதல் பாடம் முடிந்தவுடன் நேரே இங்கே வந்துவிடலாம். அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கும்போது, ‘வாக்ட் பாஸ்ட்’ போன்ற தொடர்களில், ஆங்கிலம் பேசுகிறவர்களே விகுதியை ஏறக்குறைய கேட்காத அளவுக்கு விட்டுவிடுவதையும், அப்போது காலத்தைச் சூழலே உணர்த்துவதையும் பாடம் நேர்மையாகச் சொல்கிறது. எல்லா விகுதிகளையும் அழுத்தி உச்சரிக்கச் சொல்லும் பயிற்சிகளைவிட இது பெரிதும் மேலானது.

எழுத்துக்கூட்டு விதிகள் ஒரு சிறு பகுதியில் அடங்கிவிடுகின்றன. ‘ஸ்டாப்’, ‘ப்ளான்’ ஆகியவற்றில் கடைசி எழுத்து இரட்டிப்பதும், ‘விசிட்’, ‘ஓப்பன்’ ஆகியவற்றில் இரட்டிக்காததும் காட்டப்படுகின்றன. அழுத்தம் கடைசி அசையில் விழுகிறதா என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. ‘ட்ராவல்’ என்பதில் பிரித்தானியர் எழுத்தை இரட்டிப்பதையும் அமெரிக்கர் இரட்டிக்காததையும் செயலி இரண்டும் சரியென ஏற்கிறது.

விகுதி கொண்ட பெயரடைகளுக்குப் பாடமே இல்லாதது பெரிய இடைவெளி. ‘நேக்கட்’, ‘விக்கட்’, ‘ரக்கட்’ போன்ற சொற்கள் மேற்சொன்ன எந்த விதிக்கும் கட்டுப்படாமல், முந்தைய ஒலி எதுவானாலும் விகுதியைத் தனி அசையாகவே வைத்திருக்கின்றன. ‘லேர்ன்’ என்பதன் இறந்தகாலம் ஓரசை. அதே எழுத்துகள் ‘கற்றறிந்த’ என்ற பொருளில் பெயரடையாக வரும்போது ஈரசை. பழைய ஆங்கிலத்தில் இந்த விகுதி பொதுவாகத் தனி அசையாகவே ஒலித்தது. பேச்சில் அந்த உயிர் மெல்ல மெல்ல உதிர்ந்தது. 1712இல் கூட எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட், ஓர் அசையை மிச்சப்படுத்துவதற்காக இவ்வாறு உயிரை விழுங்குவது மொழியைக் கரடுமுரடாக்குகிறது என்று குறைபட்டு எழுதினார். அவர் விரும்பாத அந்த மாற்றம், ‘வான்ட்’, ‘நீட்’ போன்றவை நீங்கலாக, வினைகளில் முழுமையாக நடந்தேறியது. மேற்கண்ட பெயரடைகள் மட்டும் பழைய அசையோடு தங்கிவிட்டன. முதல் பாடத்தின் விதியை நன்றாகக் கற்றுக்கொண்டவரே ‘விக்கட்’ என்பதை ‘விக்ட்’ என்று சொல்லித் தடுமாறுவார் என்பதால், செயலியை இப்போதைய வடிவில் பயன்படுத்துகிறவர்கள் இந்தச் சொற்களை மட்டும் ஒலியோடு கூடிய ஓர் அகராதியில் தனியே கேட்டுக்கொள்வது நல்லது.