ஒயிட் ஹவுஸ் ஃபார்ம், 6 எபிசோட்: போன் வந்துச்சா வரலையாங்கறது தான் கேஸே, அதையே அவசரமா தாண்டிட்டாங்க

போன வாரம் லீவுல உக்காந்து முழுசா பாத்து முடிச்ச சீரிஸ் இது. 2020 ஜனவரில இங்கிலாந்துல ஐடிவி சேனல்ல வந்தது, மொத்தம் 6 எபிசோட், நிஜ கேஸ். நான் பாத்த ஆப்ல சப்டைட்டில் ரெண்டு செகண்ட் லேட்டா வந்துட்டே இருந்துச்சு, கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டா ஆப்ப அழிச்சுட்டு திரும்ப போடுங்கன்னு ஒரே பதில், அது தனி எரிச்சல், அதுக்கு சீரிஸ் மேல மார்க் குறைக்கல.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஸ்பாய்லர்னு கோவிக்காதீங்க, 1986லயே பேப்பர்ல முதல் பக்கத்துல வந்த விஷயம். எஸெக்ஸ்ல டோல்ஸ்ஹன்ட் டார்சின்னு ஒரு கிராமம், அதுக்கு பக்கத்துல ஒரு பண்ணை வீடு, அது பேரு தான் ஒயிட் ஹவுஸ் ஃபார்ம். 1985 ஆகஸ்ட் 7 விடியக்காலைல அந்த வீட்டுல அஞ்சு பேர் பொணமா கெடக்குறாங்க. நெவில் பாம்பர், அவர் மனைவி ஜூன், ரெண்டு பேருக்கும் 61 வயசு, அவங்க தத்தெடுத்து வளத்த பொண்ணு ஷீலா, அந்த பொண்ணோட ரெட்டை பசங்க, ஆறே வயசு. ஷீலா உடம்பு மேல .22 ரைஃபிள், பக்கத்துல பைபிள். அந்த பொண்ணுக்கு மனநோய்க்கு ட்ரீட்மென்ட் நடந்துட்டு இருந்துச்சு, அதனால எல்லாரையும் சுட்டுட்டு தானும் சுட்டுக்கிட்டாங்கன்னு போலீஸ் முதல்ல முடிவு பண்ணிடறாங்க. அப்புறம் ஒரு மாசத்துல கதை திரும்புது, வெளிய தங்கியிருந்த வளப்பு மகன் ஜெரமி, 24 வயசு, அவன் தான் பண்ணான்னு கைது, சொத்துக்காகன்னு சொல்றாங்க, 1986 அக்டோபர்ல செம்ஸ்ஃபோர்ட் கோர்ட்டுல 10க்கு 2ன்னு ஜூரி குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. அப்பலேருந்து ஜெயில்ல தான் இருக்கான், இன்னி வரைக்கும் நான் பண்ணலன்னு தான் சொல்றான்.

நடிப்பு பத்தி ரொம்ப இழுக்க ஒண்ணும் இல்ல. ஜெரமியா வர ஃப்ரெடி ஃபாக்ஸ் செம, அந்த ஆள் சும்மா நின்னாலே நம்பலாமா வேணாமான்னு நமக்கு ஒரு மாதிரி ஆகுது. தற்கொலை தான்னு அடிச்சு சொல்ற பெரிய ஆஃபீசரா ஸ்டீஃபன் கிரஹாம், சந்தேகப்படற சின்ன ஆஃபீசரா மார்க் ஆடி, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடற இழுபறி தான் சீரிஸ்லயே நல்ல பகுதி. கிரஹாம் பேசற வேல்ஸ் ஸ்லாங் தான் எனக்கு ஒட்டவே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்கப்பா டெலிபோன் டிபார்ட்மென்ட்ல முப்பது வருஷத்துக்கு மேல எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்து ரிடயர் ஆனவர். அவர பக்கத்துல வெச்சுக்கிட்டு இத பாத்தது என் தப்பு. ரத்தம், கொலை, கோர்ட் எதுக்கும் அசையல மனுஷன், முதல் எபிசோட்ல போன் வந்த உடனே நிமிந்து உக்காந்தவர் தான், "டேய் தம்பி, நிறுத்து நிறுத்து, அந்த லைன் எப்படிடா கட் ஆச்சு?"ன்னு ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் மிச்ச சீரிஸ நான் பாத்தேன், அவர் போன மட்டும் தான் பாத்தார்.

ஏன்னா கேஸோட ஆணிவேரே அந்த போன் தான். ஜெரமி சொல்றது என்ன? ராத்திரி மூணு மணிக்கு மேல அப்பா எனக்கு போன் பண்ணார், உங்கக்காவுக்கு புத்தி பேதலிச்சு போச்சு, துப்பாக்கிய எடுத்துட்டா, சீக்கிரம் வான்னு சொன்னார், பாதில கட் ஆயிடுச்சு, திரும்ப அடிச்சா எங்கேஜ்டு, அதனால போலீஸ கூப்பிட்டேன். அவன் இருந்தது கோல்ட்ஹேங்கர்னு ஒரு ஊர், பண்ணைலேருந்து மூணரை மைல் தான். இந்த போன் நிஜமா வந்திருந்தா அவன் நிரபராதி, ஏன்னா ஒரே நேரத்துல பண்ணைலயும் அவன் வீட்டுலயும் இருக்க முடியாதுல்ல. வரலன்னா அவன் தான் கொலைகாரன், ஏன்னா வராத போன வந்துச்சுன்னு சொல்ல வேற காரணமே இல்ல. நடுவுல இடமே கிடையாது. கேஸ் நடத்துன ஜட்ஜே ஜூரிகிட்ட இத ஒரு முக்கியமான கேள்வியா வெச்சார்.

அப்ப ரெகார்ட எடுத்து பாக்க வேண்டியதுதானேன்னு இந்த காலத்து பசங்க கேப்பீங்க, நானும் அத தான் கேட்டேன். அப்பா சிரிச்சார். 1985ல லோக்கல் காலுக்கு ஏதுடா ரெகார்டு, மீட்டர் ஒரு எண்ணு ஏறும், அவ்ளோ தான், யாருக்கு பண்ண எத்தன மணிக்கு பண்ணன்னு ஒண்ணுமே இருக்காது, பில்லு சண்டை வந்தா நாங்களே மீட்டர் போட்டோவ காட்டி தான் சமாளிப்போம்னார். இங்கிலாந்துலயும் அதே கதை தான், பக்கத்து ஊருக்கு பண்ற காலுக்கு தனித்தனி கணக்கு கிடையாது. ஆக அஞ்சு உசிரு போன கேஸ்ல மெயின் சாட்சி ஒரு போன் மணி, அத கேட்டேன்னு சொல்றது ஒரே ஒரு ஆள், அந்த ஆள் தான் குற்றவாளி கூண்டுல நிக்குறான்.

அப்பா மொதல்லயே பிடிச்ச பாயிண்ட் இன்னொண்ணு. பழைய எக்ஸ்சேஞ்ச்ல லைன் கூப்பிட்டவன் கைல தான் இருக்கும், கூப்பிட்டவன் ரிசீவர கீழ வெக்காம விட்டா, எடுத்தவன் வெச்சாலும் லைன் உடனே ஃப்ரீ ஆகாது. லேண்ட்லைன் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், ராங் கால் பண்ணவன் வெக்காம போயிட்டா நம்ம போன் செத்து கெடக்கும். பண்ணைல ரிசீவர் கீழ கெடந்துச்சு. அப்ப நெவில் தான் கூப்பிட்டு அப்படியே போட்டுட்டாருன்னா, ஜெரமி போன்ல டயல் டோன் வர ஒண்ணு ரெண்டு நிமிஷமாவது ஆகும், அவன் உடனே போன் பண்ணேன்னு சொல்றது இடிக்குதேன்னு அரசு தரப்பு கேட்டுச்சு. அப்பா ஒடனே "அப்படி போடு"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, தூக்கத்துல எழுந்தவனுக்கு ஒரு நிமிஷம் எது ரெண்டு நிமிஷம் எதுன்னு எப்படிடா தெரியும்னு அவரே அத கவுத்தார். அங்கயே நான் ஒரு காபி போட்டுட்டு வந்துட்டேன்.

போன் இருந்த இடமும் சரியில்ல. பெட்ரூம்ல இருக்க வேண்டிய டயல் சுத்துற போன் கிச்சன்ல இருக்கு, கிச்சன்ல இருக்க வேண்டியது பழைய பத்திரிகைங்களுக்கு அடியில கெடக்கு. யார் மாத்துனாங்க, எதுக்கு? நெவிலுக்கு தாடைலயும் குரல்வளைலயும் குண்டு பாஞ்சிருக்கு, அதுக்கப்புறம் அவரால சரியா பேசியிருக்க முடியாதுன்னு டாக்டர் சாட்சி. ஆனா குண்டடி படறதுக்கு முன்னாடியே கூப்பிட்டிருந்தா? அப்படி கேட்டா அதுக்கும் ஒரு பதில் இல்ல. இதுல அவன் அங்க அவசரத்துக்கு அடிக்கற 999 நம்பருக்கு அடிக்கல, டைரக்டரில நம்பர் தேடி செம்ஸ்ஃபோர்ட் ஸ்டேஷனுக்கு நேரா அடிச்சிருக்கான், லண்டன்ல இருந்த காதலிக்கும் அதே ராத்திரி போன் பண்ணியிருக்கான், போலீஸுக்கு முன்னாடியா பின்னாடியான்னு அதுல ஒரு சண்டை. அந்த காதலி தான் ஒரு மாசம் கழிச்சு போலீஸ்ல போய் இவன் தான் பிளான் பண்ணான்னு சொன்னது. சீரிஸ் முக்கால்வாசி அந்த பொண்ணு மனசுலயும் சொந்தக்காரங்க சந்தேகத்துலயும் தான் ஓடுது, அப்புறம் துப்பாக்கி சைலன்சர், அத சொந்தக்காரங்களே அலமாரிலேருந்து கண்டுபிடிச்சது, அதுல இருந்த ரத்தம். இதெல்லாம் நல்லா தான் எடுத்திருக்காங்க.

ஆனா கதை கோர்ட் தீர்ப்போட முடிஞ்சிடுது பாருங்க, நிஜமான போன் கூத்து அதுக்கப்புறம் தான். ஜெரமி போன எடுத்த கான்ஸ்டபிள் எழுதி வெச்ச நேரம் 3:36. அவர் தகவல் சொன்ன கண்ட்ரோல் ரூம் ஆள் எழுதினது 3:26. முதல்ல வந்த காலுக்கு நேரம் பின்னாடி, அத கேட்டவன் எழுதின நேரம் முன்னாடி! வண்டி வேற 3:35க்கே கிளம்பிடுச்சு. கான்ஸ்டபிள் டிஜிட்டல் கடிகாரத்த தப்பா பாத்துட்டார்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டாங்க. சரி, மனுஷன் தானே, ராத்திரி ட்யூட்டி.

அப்புறம் 2010ல ஜெரமி தரப்பு அந்த 3:26 தாள தூக்கிட்டு வந்து, இது வேற கால், நெவிலே போலீஸுக்கு நேரா பண்ண கால்னு சொன்னாங்க. அதுல மகளுக்கு வெறி பிடிச்சிடுச்சுன்னு எழுதியிருக்கு, "என் துப்பாக்கில ஒண்ண எடுத்துட்டா"ன்னு இருக்கு. என் துப்பாக்கின்னா அப்பா பேசறது தானேன்னு கேக்கறாங்க. படிச்ச உடனே எனக்கு புல்லரிச்சு போச்சு, ஆஹா ஆள அநியாயமா உள்ள வெச்சுட்டாங்கன்னு. ஆனா அதே தாள்ல மகனே தகவல் சொன்னதாவும் ஒரு வரி இருக்கு. ஷீலா வயசு 26ன்னு இருக்கு, அந்த பொண்ணுக்கு 28. பேரும் ஷீலா பாம்பர்னு இருக்கு, கல்யாணத்துக்கப்புறம் அந்த பொண்ணு ஷீலா கஃபெல். பெத்தவனோ வளத்தவனோ மக வயச ரெண்டு வருஷம் குறைச்சு சொல்வானா? கண்ட்ரோல் ரூம்ல கேட்டு எழுதும்போது "அவர்" "நான்" ஆகறது ஒண்ணும் பெரிய அதிசயம் இல்லன்னு அப்பாவும் சொன்னார், டிரங்க் கால் புக் பண்ற காலத்துல ஊர் பேரே மாறி போகுமாம். எனக்கு இது ஒரே கால், ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதியிருக்காங்கன்னு தான் தோணுது. ஆனா பத்து நிமிஷ வித்தியாசத்துல ஒரு மனுஷனோட ஆயுள் தொங்குதுங்கறது தொண்டைல முள்ளு மாதிரி தான் இருக்கு.

அதோட விடல. 2024ல ஒரு அமெரிக்க பத்திரிகைல பெரிய கட்டுரை வந்துச்சு, அன்னிக்கு ட்யூட்டில இருந்த ஒரு முன்னாள் போலீஸ்காரர், காலைல 6:09க்கு அந்த வீட்டுக்குள்ளேருந்து 999 கால் வந்துச்சுன்னு சொன்னதா. அந்த நேரத்துல ஜெரமி வீட்டுக்கு வெளிய போலீஸ் கூட நிக்குறான், போலீஸ் கதவ உடைச்சு உள்ள போனதே ஏழரைக்கு மேல தான். உள்ள உசிரோட யாராவது இருந்து போன் பண்ணியிருந்தா கேஸ் அங்கயே காலி. இத அப்பாகிட்ட படிச்சு காட்டினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ரிசீவர் தான் ஏற்கனவே கீழ கெடக்குதே, ஆபரேட்டர் அந்த லைன்ல காது வெச்சு நாய் குலைக்கறத கேட்டாருன்னு நீ தானே சொன்ன, அப்புறம் அதே லைன்ல 999 எப்படிடா போகும்? யாராவது ரிசீவர எடுத்து வெச்சு திரும்ப எடுக்கணும்ல." ஆபரேட்டர் அந்த திறந்த லைன போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு மாத்தி விட்ட நேரத்த 999ன்னு எழுதியிருப்பாங்களோன்னு அவரோட யூகம். யூகம் தான். அப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அந்த போலீஸ்காரரும் இப்ப உசிரோட இல்ல.

2002ல அப்பீல் தள்ளுபடி, 2012லயும் மறுபரிசீலனை கமிஷன் கேஸ கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுடுச்சு, 2021ல புது மனு போட்டு அது இழுத்துட்டே இருக்கு. இவ்ளோவும் தெரிஞ்சப்புறம் சீரிஸ நினைச்சா, ஜெரமி தான் பண்ணான்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு எடுத்த மாதிரி இருக்கு. தப்புன்னு சொல்லல, கோர்ட்டும் அத தான் சொல்லுது, என்னை கேட்டாலும் பண்ணியிருப்பான்னு தான் சொல்வேன். ஆனா அந்த ஒரு போனுக்கு ஒரு எபிசோட் ஒதுக்கியிருந்தா, எக்ஸ்சேஞ்ச், ஆபரேட்டர், ரெண்டு கடிகாரம்னு, அது எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டிருக்கும். அதுக்கு பதிலா பார்ட்டி சீனும் அழுகை சீனும் ரிப்பீட் ஆகுது, நாலாவது எபிசோட்ல நான் ரெண்டு தடவ தூங்கிட்டேன்.

என் மார்க் 10க்கு 6. குழந்தைங்க செத்த கேஸ், வீட்டுல சின்ன பசங்க இருக்கும்போது போடாதீங்க. பொறுமை இல்லாதவங்க முதல் ரெண்டு எபிசோடும் கடைசி எபிசோடும் பாத்தா போதும். எங்கப்பா நேத்து ராத்திரி சாப்டு முடிச்சதும் முதல் எபிசோட மறுபடி போட சொன்னார். அந்த கிச்சன் போன் எந்த மாடல்னு பாக்கணுமாம். பாஸ் பண்ணி பாஸ் பண்ணி கண்ணாடிய தொடச்சு தொடச்சு பாத்துட்டு, "வயர் எங்க போகுதுன்னு காட்டவே மாட்டேங்கறானே"ன்னு திட்டிட்டு படுத்துட்டார்.