பாரிமுனை ஆபீஸுக்கு எந்தப் பொதுக் காலண்டர்?

தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் க்ளியரிங் ஆபீஸ்களில் தேதி தவறினால் காசு போகும். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் 3 நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000 ரூபாய் என்கிறது சுங்க விதி. கப்பல் வரும் நாளோ முன்னே பின்னே நகரும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கட்-ஆஃப், அதாவது ஏற்றுமதிப் பெட்டியை உள்ளே அனுப்பும் கடைசி நேரம், மாறும். ஆபீஸ் சிஸ்டத்தில் திருத்திய நேரம், எண்ணூர் சாலையில் வண்டியோடு நிற்கிறவரின் போனுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது? ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பொதுக் காலண்டருக்குப் புழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதல் வழி, ஆபீஸுக்கு ஒரே ஜிமெயில், ஒரே பாஸ்வேர்ட், எல்லா சிஸ்டத்திலும் போனிலும் அதுவே. வேகத்தில் குறையே இல்லை, மாற்றம் உடனுக்குடன் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் வரும். புது சிஸ்டத்தில் நுழையும்போது கூகுள் கேட்கும் சரிபார்ப்பு, யாரோ ஒருவர் போனுக்குப் போகும். அவர் அன்று லீவு என்றால் வேலை நின்றது. ஒருவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றவர்களும் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அப்படி நுழையாத போனில் பழைய பதிவுகள் அப்படியே தெரியும், புதியது வராது. பார்ப்பவருக்கு அது செத்த காலண்டர் என்றே தெரியாது. கட்-ஆஃபை யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்கவும் வழி கிடையாது.

இரண்டாவது, அவரவருக்குத் தனிக் கணக்கு, ஆபீஸ் கணக்கில் ஒரு காலண்டர், அதை எல்லோருக்கும் பகிர்வது. நாங்கள் சொல்வது இதைத்தான். பகிர்வதை கம்ப்யூட்டர் பிரவுசரிலேயே செய்யுங்கள். காலண்டர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங், அங்கே ஒவ்வொருவரின் மெயில் முகவரி. அனுமதி நான்கு படியாக இருக்கும். டாக்குமென்டேஷன் பார்ப்பவருக்குப் பதிவுகளைத் திருத்தும் அனுமதி, துறைமுகத்துக்குப் போகிறவருக்கு விவரம் பார்க்கும் அனுமதி, முதலாளிக்கு மட்டும் பகிர்வையும் கையாளும் அனுமதி என்று பிரித்துக் கொடுங்கள். இதை மெனக்கெட்டுச் செய்தால், ஆள் மாறும்போது ஒரு பெயரை எடுத்துவிடுவதோடு முடிந்தது.

இதிலும் மூன்று இடத்தில் தடுக்கும். மெயிலில் வந்த இணைப்பைத் தொட்டு ஏற்காதவரை காலண்டர் அவர் பட்டியலில் வராது. ஐபோனில் ஆப்பிளின் சொந்தக் காலண்டரைப் பயன்படுத்துகிறவர், கூகுளின் சின்க் செலக்ட் பக்கத்துக்குப் போய் அந்தக் காலண்டரை டிக் செய்து சேமிக்க வேண்டும். கூகுளின் ஆப்பை வைத்திருப்பவருக்கு இந்த வேலை இல்லை. மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ஒருவர் வைத்த நினைவூட்டல் மற்றவர் போனில் அடிக்காது, அவரவர் போனில் அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, ஐகால் ரகசிய இணைப்பு, அதாவது காலண்டரின் செட்டிங்ஸில் கிடைக்கும் ஒரு வெப் முகவரி. கணக்கே இல்லாதவருக்கும் கொடுக்கலாம், பார்க்க மட்டும் முடியும். ஆனால் இன்னொரு கூகுள் காலண்டரில் இதைச் சேர்த்தால் மாற்றம் தெரிய 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதை அவசரப்படுத்த அங்கே பட்டனும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை கல்யாண மண்டபம் தன் முகூர்த்த நாள் பதிவுகளை சமையல்காரருக்குக் காட்ட இது தாராளமாகப் போதும். கட்-ஆஃபுக்கு ஆகவே ஆகாது. இணைப்பு கைமாறிவிட்டால் செட்டிங்ஸில் ரீசெட் செய்யுங்கள், பழையது செல்லாமல் போகும்.

நான்காவது, மைக்ரோசாஃப்ட் 365. மெயிலே அவுட்லுக்கில் ஓடும் ஆபீஸுக்கு இது பொருந்தும்; 50 ஜிபி வரை பொது மெயில்பாக்ஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், அதன் காலண்டரே பொதுக் காலண்டர். பாதி ஆபீஸ் கூகுள், பாதி அவுட்லுக் என்றால்தான் தலைவலி. கிளாசிக் அவுட்லுக்கில் ஜிமெயிலை ஐமேப் என்ற மெயில் இணைப்பு முறையில் சேர்த்தால் மெயில் மட்டும்தான் வரும், காலண்டர் வராது. கால்டாவ் சின்க்ரனைசர் என்ற இலவச ஆட்-இன் போட வேண்டும், அல்லது தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் ஆப்புக்கு மாற வேண்டும். தண்டர்பேர்ட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், அதன் காலண்டர் பண்புகளில் 5 நிமிடமாகக் குறையுங்கள். விண்டோஸோடு வந்த பழைய காலண்டர் ஆப்பை இன்னும் நம்பியிருந்தால் விட்டுவிடுங்கள்; அதற்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்றே முடிந்தது.

எந்த வழியானாலும், பதிவு காணவில்லை என்றால் முதலில் பிரவுசரில் அந்தக் காலண்டரைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் கோளாறு போனில்: கணக்கு சின்க்கில் காலண்டர் அணைந்திருக்கும், அல்லது பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால், பதிவு வேறு காலண்டரில் விழுந்திருக்கிறது. போன் கம்பெனியின் காலண்டர் ஆப் புதிய பதிவை போனுக்குள்ளேயே சேமித்துவிடுவது அடிக்கடி நடக்கும். பதிவைத் திறந்தால் காலண்டர் பெயர் தெரியும், அங்கேயே பாருங்கள்.

நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால் டைம்சோன் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. இரண்டரை மணி என்றால் சிங்கப்பூர் நேரம். விண்டோஸில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே இரண்டிரண்டாக வந்தால், யாரோ ஐசிஎஸ் என்ற காலண்டர் ஃபைலை இம்போர்ட் செய்திருக்கிறார். இம்போர்ட் ஒருமுறை எடுக்கும் நகல், பின்னால் மாறாது.

பழைய சிஸ்டத்தில் கரன்ட் போய் வந்ததும் சின்க் நின்றால், மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னே போகும், சான்றிதழ் செல்லாது என்று எந்தத் தளமும் திறக்காது, காலண்டரும் சேர்ந்தே நிற்கும். தேதியைக் கையால் திருத்தி, டைம் செட்டிங்கில் சின்க் நவ் அழுத்துங்கள். பேட்டரியை அன்றே மாற்றுங்கள்.

தவறி அழித்த பதிவு கூகுளின் குப்பையில் 30 நாள் இருக்கும். கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து, திருத்தும் அனுமதி உள்ள கணக்கிலிருந்து மீட்டெடுங்கள்.