சங்க வாட்ஸ்அப் குரூப்ல விளம்பரம்: முழுத் தடையா, தனி குரூப்பா, சனிக்கிழமை மட்டுமா?

எங்க மாவட்ட வரி ஆலோசகர்கள் சங்கத்து குரூப்ல இப்போ சனிக்கிழமை மட்டும்தான் உறுப்பினர்கள் சொந்த விளம்பரம் போடலாம். அட்மின் டீம்ல நானும் ஒருத்தன். வேற ஊர் சங்கத்து நண்பர்கள் "எப்படி சார் சமாளிச்சீங்க, எங்க குரூப்ல தினம் சண்டை"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் நாங்க அலசின வழி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன். எனக்கு சனிக்கிழமை முறை மேல சாய்வு இருக்கு, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

விளம்பரம்னா எங்க தொழில்ல என்னென்ன வரும்னு இந்தத் தொழில்ல இருக்கவங்களுக்கு விளக்க வேண்டாம். ஜிஎஸ்டி கிளாஸ், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன், பில்லிங் சாஃப்ட்வேர், பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், டிரேட்மார்க் பைலிங், யூடியூப் சேனல். போடுறவங்க யாரும் வெளியாள் இல்ல, சந்தா கட்டின நம்ம ஆளுங்க. அதனாலதான் இது ஸ்பேம் மாதிரி சுலபமா தூக்கிப் போடுற விஷயமா இல்ல.

ஆனா கண்டுக்காம விட்டா என்ன ஆகும்னா, ஜனங்க குரூப்பை மியூட் பண்ணிடுவாங்க. எங்க தொழில்ல அது சின்ன விஷயம் இல்ல. 2025 செப்டம்பர் 15 ராத்திரி ஞாபகம் இருக்கும், வருமான வரி ரிட்டர்னுக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள், போர்ட்டல் திணறுது, ஏறக்குறைய நடுராத்திரிக்கு வந்துதான் ஒரே ஒரு நாள் நீட்டிச்சு 16 வரைக்கும்னு சொன்னாங்க. அந்த மாதிரி நேரத்துல குரூப் தான் நமக்கு உயிர்நாடி. அதை ஒருத்தர் மியூட்ல போட்டுட்டு தூங்கிட்டார்னா சங்கம் இருந்தும் அவருக்குப் பிரயோஜனம் இல்ல.

முதல் வழி, முழுத் தடை. கேட்கவே சுத்தமா இருக்கும், கமிட்டி மீட்டிங்ல எல்லாரும் முதல்ல கை தூக்கறதும் இதுக்குத்தான். இதுக்கு சட்டப் பக்கமும் பலம் இருக்கு. நம்ம குரூப்ல ஆடிட்டர்கள் இருக்காங்க, வழக்கறிஞர்கள் இருக்காங்க, ரெண்டும் இல்லாத டாக்ஸ் ப்ராக்டிஷனர்களும் இருக்காங்க. ஆடிட்டர்களுக்கு 1949 சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டத்தோட முதல் அட்டவணையிலயே விளம்பரத்துக்கும் வேலை தேடிப் போறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு, வழக்கறிஞர்களுக்கு அதே மாதிரி விளம்பரத்தைத் தடுக்கிற பார் கவுன்சில் விதி 36 இருக்கு. 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றமே ஆன்லைன் தளங்கள் மூலமா வேலை பிடிக்கிற வழக்கறிஞர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. அதனால தடை கேட்கிறவங்க சும்மா கேட்கல.

பிரச்சனை எங்கன்னா, தடை போட்ட மறுநாள்லயே எது விளம்பரம்ங்கிற கேள்வி வந்துடும். ஜிஎஸ்டில உள்வரி கிரெடிட் எடுக்க கால வரம்பு சொல்ற பிரிவு 16(4) பத்தி இலவச வெபினார், அது விளம்பரமா? எழுதின புஸ்தகம் வெளியாகுதுன்னு ஒருத்தர் சந்தோஷமா போடுறார், அது? "ஏஎஸ்எம்டி-10 வந்திருக்கு, 3பி-க்கும் 2பி-க்கும் வித்தியாசம் கேட்கிறாங்க, என்ன பதில் கொடுக்கலாம்"னு ஒரு ஜூனியர் கேட்டா (ஏஎஸ்எம்டி-10ங்கிறது ரிட்டர்ன்ல வித்தியாசம் இருக்குன்னு வர்ற ஜிஎஸ்டி நோட்டீஸ், 3பி வரி கட்டுற ரிட்டர்ன், 2பி உள்வரி கிரெடிட் பட்டியல்), இதுக்கு நான் வீடியோ போட்டிருக்கேன்னு ஒருத்தர் லிங்க் கொடுக்கிறார், அது? ஒவ்வொண்ணுக்கும் அட்மின் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லணும், அதுவும் தன்னோட ரிட்டர்ன் வேலைக்கு நடுவுல.

இங்கதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப் போறேன், ஏன்னா எங்க முடிவுக்கு இதுதான் காரணம். எந்த முறையா இருந்தாலும் யாரோ ஒருத்தர் யாரோ ஒருத்தர்கிட்ட "வேண்டாம்"னு சொல்லியாகணும். நம்ம சங்கங்கள்ல அட்மின் வேலை பெரும்பாலும் முப்பது, முப்பத்தஞ்சு வயசு பசங்க தலையில விழுது, போன் நல்லா தெரியும்னு. கிளாஸ் எடுக்கிறவங்க, புஸ்தகம் போடுறவங்க எல்லாம் சீனியருங்க, சில பேர்கிட்டதான் இந்தப் பசங்களே தொழில் கத்துக்கிட்டிருப்பாங்க. 2022-ல இருந்து வாட்ஸ்அப்ல அட்மின் மத்தவங்க மெசேஜை அழிக்க முடியும், ஆனா அழிச்சா அந்த இடம் காலியா போறதில்ல, அட்மின் அழிச்சார்ங்கிற வரி அங்கேயே நிக்கும், மொத்த குரூப்பும் பார்க்கும். கோட்டு போட்ட போட்டோ, கீழ தலைப்பு, தேதி, கட்டணம்னு ஆசையா டிசைன் பண்ணி போட்ட ஒரு போஸ்டருக்கு பதிலா அந்த ஒரு வரி நிக்கிறதை ஒரு மூத்த மெம்பர் எப்படி எடுத்துக்குவார்னு யோசிச்சுப் பாருங்க. அவர் குரூப்ல எதுவும் சொல்ல மாட்டார், ஆனா அடுத்த ஸ்டடி சர்க்கிளுக்கு பேசக் கூப்பிட்டா வேலை இருக்குன்னு சொல்லிடுவார். பையன் அடுத்த தடவை அழிக்க யோசிப்பான், சீனியர் போஸ்ட் நிக்கும், ஜூனியர் போஸ்ட் மட்டும் போகும், அத்தோட அந்த ரூல் செத்துப்போச்சு. முழுத் தடை வச்ச சங்கங்கள்ல நான் பார்த்த வரைக்கும் இப்படித்தான் முடிஞ்சிருக்கு.

சனிக்கிழமை முறையில அதே பையன் சொல்ல வேண்டியது வேற. "சார், நல்ல டாபிக் சார், சனிக்கிழமை போட்டுடுங்களேன், நான் இதை எடுத்துடுறேன்"னு தனியா ஒரு மெசேஜ் போட்டா போதும். மறுப்பே அங்க இல்ல, நாள் தள்ளிப் போகுது, அவ்வளவுதான். இது விளம்பரமா இல்லையான்னு வாதம் பண்ணி யாருக்கும் எதுவும் ஆகப் போறதில்ல, ரெண்டு நாள் பொறுத்தா எப்படியும் போடலாமே. பெரும்பாலான சீனியருங்க "ஓகே தம்பி"ன்னு விட்டுடுறாங்க. அட்மினோட மனபாரம் குறையுறதுதான் எனக்கு இதுல பெரிய லாபம், ஏன்னா சம்பளம் இல்லாத வேலை, மனசு விட்டுப்போச்சுன்னா அடுத்த ஆள் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ரூலை சின்னதா எழுதி பின் பண்ணி வச்சிருக்கோம். ஒருத்தருக்கு ஒரு போஸ்ட், ஒரு படம். என்ன, எவ்வளவு, எப்போ, யாரைக் கூப்பிடணும், இந்த நாலும் இருக்கணும். "விலை தனியா கேளுங்க"ன்னு போடக் கூடாது. விசாரணை எல்லாம் தனி மெசேஜ்ல, குரூப்ல பேரம் கூடாது (டிஎஸ்சி ரேட்டுக்கு ஒருத்தருக்கொருத்தர் குறைச்சு குறைச்சுப் போட்டு சண்டை வந்த பிறகு சேர்த்தது இது). தொழில் விதி இருக்கிறவங்க அவங்கவங்க விதியைப் பார்த்துக்கணும், சங்கம் அனுமதிச்சதுன்னு காட்ட முடியாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளான 11 இல்ல 20 தேதி சனிக்கிழமையில வந்தா அந்த வாரம் ஞாயிறுக்குப் போயிடும், 2025-ல செப்டம்பர் 20, டிசம்பர் 20 ரெண்டுமே அப்படித்தான் வந்துச்சு, 3பி கடைசி நாள்ல கிளாஸ் போஸ்டர் யாருக்கு வேணும்.

அந்த வீடியோ லிங்க் விஷயத்துக்கும் ஒரு வழி வச்சோம். கேட்ட கேள்விக்கு முழுப் பதிலையும் குரூப்லயே எழுதிட்டு, மேல தெரிஞ்சுக்க லிங்க்னு கொடுத்தா எந்த நாளும் பரவாயில்ல. பதில் இல்லாம லிங்க் மட்டும்னா சனிக்கிழமை. இதனால ரெண்டு மூணு பேர் முன்னைவிட நல்லா, நீளமா பதில் எழுத ஆரம்பிச்சிருக்காங்க, அது நாங்க எதிர்பார்க்காத நல்லது.

தனி விளம்பர குரூப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. விக்கிறவங்க மட்டும் இருப்பாங்க, வாங்குறவங்க வர மாட்டாங்க, ஆள் இல்லாத இடத்துல போட்டு என்ன பிரயோஜனம்னு அவங்களே திரும்ப மெயின் குரூப்புக்கு வந்துடுவாங்க. வாட்ஸ்அப் குரூப்ல 1024 பேர்தான் முடியும்ங்கிறதால பெரிய சங்கங்கள் கம்யூனிட்டி ஆக்கி நாலஞ்சு குரூப்பா பிரிச்சிருக்காங்க, அங்க ஒருவேளை தனி குரூப் எடுபடலாம். டெலிகிராம்ல டாபிக் பிரிக்கலாம், ஒருத்தர் அடிக்கடி போடாம இருக்க ஸ்லோ மோடு வைக்கலாம், வசதி நிறைய. நான் அதை ஒரு சின்ன ஸ்டடி சர்க்கிள்ல மட்டும்தான் பார்த்திருக்கேன், அறுபது வயசு மெம்பர்களை மொத்தமா அங்க கூட்டிட்டுப் போறது நடக்குமான்னா எனக்கு நம்பிக்கை இல்ல.

கட்டணம் வாங்கிட்டு சங்கமே போடுறதுன்னு ஒரு யோசனையும் வந்துச்சு, பொருளாளருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. சின்ன சங்கத்துக்கு அந்தக் காசு உதவும்தான். ஆனா காசு வாங்கிப் போட்ட உடனே அது சங்கத்தோட பரிந்துரை மாதிரி ஆயிடும், சாஃப்ட்வேர் சரியில்லன்னா தலைவரைக் கேட்பாங்க. அப்புறம் நாமளே வரிக்காரங்க, சங்கம் உறுப்பினர்கிட்ட வாங்குற காசையும் ஜிஎஸ்டிக்குள்ள கொண்டு வர்ற பிரிவு 7(1)(ஏஏ) என்ன சொல்லுது, 2025-ல கேரளா உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாதுன்னு சொன்ன பிறகு நிலைமை என்னன்னு அதுக்கு ஒரு தனி விவாதம் ஓடும். வருஷ மாநாட்டு மலர்ல விளம்பரம் வாங்குறது வேற, அது பழகின விஷயம். தினசரி குரூப்ல அதைச் செய்ய எனக்கு மனசு இல்ல, ஆனா செஞ்சு பார்த்த சங்கம் இருந்தா அவங்க அனுபவத்தைக் கேட்க ஆசை.

சனிக்கிழமை முறையில குறை இல்லாம இல்ல. அன்னிக்குக் காலையிலயே வரிசையா போஸ்டர் விழும், நிஜ டவுட் கேட்கிறவர் கேள்வி நடுவுல முங்கிப் போகும். அதுக்காக சாயங்காலம் நாலு மணிக்கு மேலன்னு மாத்தினோம், ஓரளவு சரியாச்சு. அறுபது எழுபது பேர் இருக்குற குரூப்புக்கு இதெல்லாம் தேவையே இல்ல, தலைவர் ஒரு போன் போட்டா முடிஞ்சிடும். ஐநூறு பேரைத் தாண்டினா கண்டிப்பா வேணும்னு நினைக்கிறேன், நடுவுல இருக்கறவங்க அவங்க ஊர் நிலைமையைப் பார்த்து முடிவு பண்ணணும்.

இப்போ கமிட்டில ஓடுற பேச்சு, ஜூலை, செப்டம்பர் சீசன் மாசங்கள்ல சனிக்கிழமையையும் நிறுத்தி வைக்கலாமான்னு. என் ஓட்டு நிறுத்தக் கூடாதுன்னுதான். கிளாஸ் எடுக்கிறவங்களுக்கும் டிஎஸ்சி விக்கிறவங்களுக்கும் அந்த மாசங்கள்லதான் வியாபாரமே, அப்போ கதவை மூடினா அவங்க கிழமை பார்க்க மாட்டாங்க, திங்கக்கிழமையே போடுவாங்க, அட்மின் பையன் மறுபடியும் அழிக்கிற வேலைக்கு வந்து நிப்பான்.