இன்டர்வெல் டைமரை ஓரங்கட்டிய அளவுச் சக்கரம்

கேமராவை நகர்த்தி நகர்த்திப் படம் படமாக எடுத்து வேகமான வீடியோவாகக் கோப்பதுதான் ஹைப்பர்லாப்ஸ். அதை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இன்டர்வெல் டைமர். இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். டிரைபாடை ஓரிடத்தில் ஊன்றி எடுக்கும் டைம்லாப்ஸுக்கு அது போதும். ஹைப்பர்லாப்ஸில் கேமராவே நகர்கிறது. நம் கால் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. ஒரு எட்டு நீளும், அடுத்தது குறையும், நடுவில் மாடு வந்து நிற்கும். வீடியோவாக ஓட்டிப் பார்த்தால் வேகம் விட்டுவிட்டுத் துள்ளும். ஸ்டெபிலைசர் மென்பொருள் ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, சமமில்லாத எட்டைச் சமமாக்காது.

அதனால் நான் ஷட்டரைத் தூரத்தோடு கட்டிவிட்டேன். ரோடு கான்ட்ராக்டர்கள் தள்ளிக்கொண்டு போகும் அளவுச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். என்னிடம் உள்ளது ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் ஓடும். அதில் நான்கு சின்னக் காந்தங்கள், பக்கத்தில் காந்தம் நெருங்கினால் இணையும் ரீட் சுவிட்ச் ஒன்று. கால் மீட்டருக்கு ஒருமுறை ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டுக்குத் தகவல் போகும். அங்கிருந்து ஆப்டோகப்ளர் (நேரடி மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னல் கடத்தும் சில்லு) வழியாகக் கேமராவின் 2.5 மி.மீ. ரிமோட் ஜாக்குக்கு. உதிரிகள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவை. காட்பாடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்த மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் டிரைபாடைக் கட்டி, அளவுச் சக்கரத்தைப் பின்னால் கோத்திருக்கிறேன். இதைத் தள்ளிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரி பக்கம் போனால் கேள்வி நிச்சயம்: "இன்னா சார், ரோடு எப்போ போடுவீங்க?"

தூரம் வந்தவுடன் சொடுக்கினால் படம் கலங்கும். எனவே பஸர் அடித்ததும் நான் நிற்பேன். அசைவை உணரும் எம்பியூ6050 சென்சார் ஒன்று வண்டியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டம் அடங்கிய பிறகுதான் ஷட்டர் திறக்கும். என் கணக்கில் இந்த அமைப்பிலேயே மிகப் பெரிய லாபம் இந்தக் காத்திருப்புதான். பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸோ லாரியோ போகும்போதெல்லாம் தரை அதிரும். டைமர் வைத்திருந்தால் அந்த அதிர்விலேயே எடுத்துத் தள்ளும். இது வண்டி கடந்து போகும்வரை பேசாமல் இருக்கும்.

எட்டின் அளவை இடத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். வேலூர்க் கோட்டை அகழிக்கு வெளிப்புறமாக நடந்து எடுத்தால் அரை மீட்டர் தாராளம். அகழியின் அகலமே கோட்டைச் சுவரை நம்மிடமிருந்து தள்ளி வைத்துவிடுகிறது. முன்னால் எதுவும் நெருங்கி வராது. பாலத்தில் கைப்பிடிச் சுவர் கேமராவுக்கு மிக அருகே இருக்கும். அங்கே அரை மீட்டர் வைத்தால் சுவர் படத்துக்குப் படம் பாயும், கால் மீட்டருக்கு இறங்கியே ஆக வேண்டும். கோட்டைக்கு உள்ளே எடுப்பது தனிக் கதை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், டிரைபாடுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.

பிரேமிங்கை மட்டும் கண்ணுக்கு விட்டிருக்கிறேன். கொத்தளத்தின் ஒரு மூலையைத் தேர்ந்து, திரையின் கட்டங்களில் ஒரே புள்ளியில் அது விழும்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் திருப்புவேன். டிரைபாட் தலையைத்தான் சொல்கிறேன். இதற்கும் மோட்டார் போடலாம். நடைபாதைக் கல் ஒன்று தூக்கி, ஒன்று இறங்கிக் கிடக்கும் ஊரில் மோட்டார் பிடிப்பதைவிடக் கை சீக்கிரம் பிடிக்கிறது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 25 பிரேம் என்றால் 10 நொடி வீடியோவுக்கு 250 படம். அரை மீட்டர் எட்டில் 125 மீட்டர் நடை. படத்துக்கு 6 நொடி வைத்தால் 25 நிமிடம். காலையில் அதற்குள் வெளிச்சம் நன்றாகவே ஏறிவிடும். நான் மேனுவலில் வைத்து எடுத்துவிட்டு, ரா கோப்புகளில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படங்கள்) எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, படிப்படியாகச் சரிசெய்கிறேன். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது.

நாள்பட்ட பயன்பாட்டில் வந்த தொல்லைகள் பெரும்பாலும் வெயிலால்தான். வேலூர்க் கோடையில் குளூ கன் பசை இளகி, காந்தம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. எபாக்ஸி வைத்து ஒட்டிய பிறகு அந்தப் பேச்சே இல்லை. உச்சி வெயிலில் சின்னத் திரையைப் படிக்க முடியாது என்பதால்தான் பஸரே வந்தது. ஆனால் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஹாரன் சத்தத்தில் பஸர் எங்கே கேட்கும்? கைப்பிடியில் செல்போன் அதிர்வு மோட்டார் ஒன்றைச் சேர்த்தேன். ரீட் சுவிட்ச் சில நேரம் ஒரு காந்தத்துக்கு இரண்டு முறை எண்ணும். புரோகிராமில் சிறு தாமதம் கொடுத்தால் தீர்ந்தது.

எடுத்து முடித்தபின் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் கொத்தள மூலையையும் இன்னொரு புள்ளியையும் டிராக் செய்து நகர்வு, சாய்வு, அளவு மூன்றையும் பூட்டுகிறேன். அதற்குப் பிறகு அதிலேயே உள்ள, ஆட்டம் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசரை லேசாக. நேரடியாக வார்ப்பிடம் கொடுத்தால் சுவர் கூழாக நெளியும். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம், 4கே வீடியோவுக்கு 3840 போதும். ஓரம் வெட்ட இடம் நிறையவே இருக்கிறது.

செலவில் பலரும் மறப்பது ஷட்டரை. ஒரு நிமிட வீடியோவுக்கு 1,500 சொடுக்கு. சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் பலவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் சொடுக்கு என்ற அளவில்தான் மதிப்பிடப்படுகிறது. மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்து இதைத் தவிர்க்கலாம். இரவில் எல்இடி விளக்குகளுக்குக் கீழே வரிவரியாகக் கோடு விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பழைய பாடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள், வாங்கும்போது ஷட்டர் கவுன்ட் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.