ராமர் பாதம்: ஆட்டோவில் போனோம், நடந்து திரும்பினோம்

ராமேஸ்வரம் கோயிலை விட்டு வெளியே வந்ததுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம், வில்லூண்டி என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து அத்தை வந்திருந்ததால் அந்த மொத்தச் சுற்றையே பேசி ஏறினோம். ஓட்டியவர் மரியாதையானவர்தான். ஆனால் கேட்காமலே ஒரு சிப்பிக் கடை வாசலில் நிறுத்தி அரைமணி நேரத்தைக் கரைத்தார். ராமர் பாதத்துக்கு வந்ததும், "பத்து நிமிஷத்துல வந்துருங்க சார்" என்கிறார்! பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்து அங்கேயே அனுப்பிவிட்டேன்.

ராமர் பாதம் இருக்கும் இடத்துக்குக் கந்தமாதன பர்வதம் என்று பேர் என்றாலும் மலையைத் தேடாதீர்கள். கோயிலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் இரண்டு அடுக்கு மண்டபம், அவ்வளவுதான். அத்தை வெள்ளியங்கிரி ஏறியவர். "ஏன் கண்ணு, இதையா மலைங்கறே?" என்று சிரித்தார். தீவிலேயே உயரமான இடம் இதுதான் அத்தை என்றேன். நம்பவில்லை. கீழே சக்கரத்தின்மேல் பதிந்த பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மேல்தளம் ஏறிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

அங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுற்றிலும் உடைமரக் காடு; ஒவ்வொரு மரமும் தட்டையாக வெட்டிவிட்ட மாதிரி குடை விரித்து நிற்கிறது. நடுநடுவே பனைகள், அதைத் தாண்டிக் கடல். ஊர்ப்பக்கம் திரும்பினால் கோயில் கோபுரமும் 323 மீட்டர் டிவி டவரும். டவருக்குப் பக்கத்தில் கோபுரம் சின்னதாகத் தெரிவதை அத்தையால் பொறுக்க முடியவில்லை.

திரும்பும்போது நடந்தே வந்தோம். ரோட்டோரத்திலேயே சாட்சி அனுமார் கோயில், சுக்ரீவ தீர்த்தம். ஆட்டோவில் போகும்போது இரண்டும் கண்ணிலேயே படவில்லை. இடையில் ஓர் அம்மா அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக் கொடுத்தார். தை மாசம் போனால் விடாதீர்கள். நடப்பதாக இருந்தால் வெயில் தாழப் போங்கள். செருப்பைக் கீழேயே விட வேண்டும், மத்தியானத்தில் கல் சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ஆட்டோச் சுற்றுக்கு ஐந்துக்கு இரண்டு. ராமர் பாதத்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது, மேல்தளச் சுவரில் ஆணியால் தங்கள் பேரைக் கீறிவைத்த காதலர்களுக்காக.